லேங்குவேஜ் லேப் எடுத்துக்கொண்ட சொற்கள்

ஏனாத்தூர் போகிற சாலையில் உள்ள கலைக் கல்லூரியில், ஆங்கிலம் சொல்லித்தருவதற்காக வாங்கிய மெஷின் மாணவர்களின் வாயிலிருந்து முதலில் எடுத்துக்கொண்டது ‘பஸ்’ என்ற சொல்லை. அதைப் பறிகொடுத்தவன் வணிகவியல் இரண்டாம் ஆண்டு தினேஷ். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு திரையில் வரும் வாக்கியத்தைப் படிக்க வேண்டும். சரியாகப் படித்தால் பச்சை எரியும், தப்பாகப் படித்தால் சிவப்பு. எந்த நாட்டுக்காரியோ தெரியாத ஒரு பெண்ணின் குரல், மிகவும் மரியாதையாக, ‘ட்ரை அகெய்ன்’ என்று சொல்லும். மறுபடி மறுபடி சிவப்பே எரிந்தால் நாக்கின் அடியில் ஐஸ் வைத்ததுபோல ஏதோ ஒன்று சில்லென்று நழுவும். அதோடு அந்தச் சொல் போய்விடும். ஆங்கிலத்தில் மட்டும் போயிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். தமிழில் பேசும்போதும் அது வரவில்லை. அன்று மாலை தினேஷ் கண்டக்டரிடம், “இந்தப் பேருந்து செவிலிமேடு போகுமா?” என்று கேட்டான். “இன்னாபா, மேடைலயா பேசிக்கினு இருக்கே?” என்றார் கண்டக்டர். கலப்பில்லாமல் பேசும் இளைஞன் ஒருவன் இருக்கிறான் என்று கேள்விப்பட்ட உள்ளூர்த் தமிழ் மன்றம் அடுத்த மாதமே அவனைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியது. மேடையில் அவன் அழுதான். தமிழ்ப்பற்று என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆடி முடிவதற்குள் வகுப்பில் சொல் பறிபோகாத ஆள் கிடையாது. ஒருத்திக்கு ‘சார்ஜர்’ போனது, ஒருவனுக்கு ‘டிக்கெட்’. பட்டு நெய்யும் வீட்டுப் பெண்ணான சங்கீதாவுக்கு ‘பார்டர்’ போனது. தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் சேலையின் ஓரத்தை விரலால் தடவிக் காட்டித்தான் அவளால் பேச முடிந்தது. மிகவும் அடிபட்டவன் கமல். ஓரிக்கையிலிருந்து வருகிறவன், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன், அவன் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வகுப்பில் அதிகம் பேசுகிறவனும் அவன்தான். கூச்சமில்லாமல் உரக்கப் படிப்பான், அதனால் மெஷினுக்கு அவனிடமிருந்து நிறையக் கிடைத்தது. கரண்ட் போனால் அவனால் சொல்ல முடியவில்லை. டீக்கடையில் கிளாஸைக் கையால் காட்டினான். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, தொண்டை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். எதற்கு வாயைத் திறந்தாலும் நடுவில் ஒரு பள்ளம் வந்ததால் கமல் பேசுவதைக் குறைத்தான், பிறகு நிறுத்தினான். கார்த்திகை மழையில் ஒருநாள் வராமல் இருந்தவன் அதற்குப் பிறகு வரவே இல்லை. கல்லூரி அவன் பெயரைப் பதிவிலிருந்து எடுத்துவிட்டது. ஏன் வரவில்லை என்று கேட்டு அங்கிருந்து யாரும் ஒரு போன்கூடப் போடவில்லை.

கல்லூரி முதல்வருக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்ல முடியாது. மெஷினை விற்ற கம்பெனி வாராவாரம் ஒரு கோடு போட்ட படம் அனுப்பியது. அதில் மாணவர்களின் பிழைகள் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தன. வாயிலேயே இல்லாத சொல்லை யார் தப்பாகச் சொல்ல முடியும்? அந்தப் படத்தைப் பெரிதாக்கி வாசலில் பிளெக்ஸ் வைத்தார்கள். முதல்வர் கோட்டு போட்டுக்கொண்டு அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ஆங்கிலப் பாடம் எடுக்கும் குமாரவேல் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். மெஷின் வந்த அன்றே அதைச் சோதித்துப் பார்க்கப் போய் ‘கிராமர்’ என்ற சொல்லைப் பறிகொடுத்திருந்தார். அன்றிலிருந்து கரும்பலகையில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் பாடம் நடத்தினார்.

தை பிறந்த பிறகு, தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பாடம் வந்தது. கமல் வீட்டுத் தெருவிலேயே இருப்பவள் நதியா. அவளுடைய அப்பா சின்னப்பையன் பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மை நேம் இஸ் நதியா என்று அவள் படித்தாள். சிவப்பு எரிந்தது. ‘நாடியா’ என்று திருத்தியது குரல். அவள் மறுபடியும் நதியா என்றாள். மறுபடியும் சிவப்பு. சங்கீதா அவள் கையைப் பிடித்து, “அது சொல்ற மாதிரியே சொல்லிட்டுப் போயேன்டி” என்றாள். “எம் பேர நான் ஏன்டி மாத்திச் சொல்லணும்?” என்று கேட்டுவிட்டு நதியா இன்னொரு முறை தன் பெயரைத் தன் பெயராகவே சொன்னாள். நாக்கின் அடியில் சில்லென்றது.

அந்த வாரமே ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வு. உள்ளே போனதும் முதல் கேள்வியே பெயர்தான். நதியா வாயைத் திறந்தாள், மூடினாள், கழுத்திலிருந்த அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். எதிரில் இருந்தவர் அதைப் படித்துக்கூடப் பார்க்காமல், தன் பெயரே சொல்லத் தெரியாதவள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு வந்து அவள் பையைச் சுவரில் வீசி எறிந்தாள். நடந்ததைச் சின்னப்பையனிடம் சொன்னாள்.

“அது நான் வெச்ச பேரும்மா. அத எதுக்கு அந்த மெஷின்காரியாண்ட குடுத்தே?” என்றார்.

“குடுக்கலப்பா. புடுங்கிக்கினா.”

“அப்போ போய்க் கேளு. நம்மளுது நம்மகிட்ட வரணும்.”

மறுநாள் காலை அவள் முதல்வர் அறைக்குப் போனாள். சரியாக உச்சரித்திருந்தால் மெஷின் ஏன் எடுக்கப்போகிறது என்று முதல்வர் கேட்டார். “எம் பேர எப்டி சொல்றதுன்னு எனக்குத் தெரியாதா சார்?” என்றாள் நதியா. அவர் கோடு போட்ட படத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, எப்படி இறங்கியிருக்கிறது பார் என்றார். அவள் பார்த்தாள். அங்கிருந்து நேராக, வகுப்பு நடந்துகொண்டிருந்த லேபுக்குப் போய் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

பாடத்தின் கடைசியில், இப்போது நீ என்னிடம் ஒரு கேள்வி கேள் என்று அந்தக் குரல் சொல்லும். வழக்கமாக மாணவர்கள் வானிலையைப் பற்றிக் கேட்பார்கள். நதியா, என் பெயர் என்ன என்று கேட்டாள். நாடியா என்றது மெஷின். “தப்பு. திருப்பிச் சொல்லு” என்றாள் அவள். மெஷின் இதுவரை யாரிடமும் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை போலிருக்கிறது, சற்றுத் தயங்கிவிட்டு நாடியா என்றது. “தப்பு. திருப்பிச் சொல்லு.” மறுபடியும் நாடியா. அதன் திரையில் சிவப்பு எரிந்தது. நதியாவின் நாக்கின் அடியில் வெதுவெதுவென்று ஏதோ வந்து உட்கார்ந்தது. அவள் தன் பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு உரக்கச் சொன்னாள். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

பெயர் கிடைத்ததும் அவள் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ‘பிள்ளையார்பாளையம் சொல்லு’ என்றாள். மெஷின் சறுக்கியது, சங்கீதாவின் வாய்க்குப் ‘பார்டர்’ வந்தது. ‘திருப்பருத்திக்குன்றம் சொல்லு’ என்றாள், தினேஷுக்கு ‘பஸ்’ வந்தது, அவன் பெஞ்சு மேல் ஏறி நின்று பஸ் பஸ் என்று கத்தினான். அதற்குப் பிறகு யாரையும் உட்காரவைக்க முடியவில்லை. ஆளுக்கொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தங்கள் தெருப் பெயர்களையும் அப்பன் ஆத்தா பெயர்களையும் குலசாமி பெயர்களையும் அந்தக் குரலிடம் கொடுத்து, தப்பு, தப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அது தோற்கத் தோற்க, எடுத்ததை ஒவ்வொன்றாகக் கக்கியது. சத்தம் கேட்டு முதல்வர் ஓடிவந்தார். வாசலை மறித்து நின்றவர் குமாரவேல். உள்ளே என்ன நடக்கிறது என்று முதல்வர் அதட்டினார். குமாரவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கிராமர் கிளாஸ் நடக்குது சார்” என்றார். அந்தச் சொல்லைத் தன் வாயால் கேட்ட சந்தோஷத்தில் அதை இன்னொரு முறையும் சொன்னார்.

மெஷினை விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, மாணவர்களுக்குத்தான் ஒழுக்கம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். பிளெக்ஸை யாரும் கழற்றவில்லை. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மெஷின் மட்டும் ஊர்ப் பெயர்களையும் ஆட்களின் பெயர்களையும் ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொண்டது, இப்போது வருகைப் பதிவு எடுப்பது அதுதான்.

கமல் அங்கே இல்லாததால் அவனுடைய சொற்கள் மட்டும் போக இடமில்லாமல் அவனுடைய ஹெட்செட்டிலேயே தங்கிவிட்டன. காதில் வைத்தால் அவன் குரலில் கசகசவென்று கேட்டது. நதியா அதைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு அப்பாவின் ஆட்டோவில் ஓரிக்கைக்குத் திரும்பி நேராகக் கமலைத் தேடிப் போனாள். கமல் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் வேலையில் இருந்தான். தோளில் சுமந்துகொண்டிருந்த பொருளின் பெயரை அவனால் சொல்ல முடியாது. கேனை இறக்கிவைத்துவிட்டு, அவள் நீட்டியதை வாங்கி மாட்டிக்கொண்டான். ஒவ்வொன்றாக உள்ளே போவது அவன் முகத்தில் தெரிந்தது. கரண்ட் என்றான், டீ என்றான், போன், சிலிண்டர், லீவு என்று சொல்லிக்கொண்டே போனான். சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டான், அவனுடைய அம்மா வெளியே வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று ஹெட்செட்டைக் கழற்றினான்.

“இன்னும் ஒண்ணு இருக்குதுடா” என்றாள் நதியா.

“தெரியும். ‘சார்’. அது எனக்கு வேணாம்.”

“காலேஜுக்கு வந்தா வேணுமே.”

“வந்தா பேரச் சொல்லிக் கூப்டுறேன்” என்று சொல்லிவிட்டுக் கமல் கேனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

அவன் கல்லூரிக்குத் திரும்பி வரவில்லை. பாலாற்றங்கரைத் தெருக்களில் இன்றும் தண்ணீர் போடுகிறான். எவ்வளவு பெரிய மனிதர் கதவைத் திறந்தாலும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். முதலில் சிலருக்குக் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.