மண்டி போடாத முட்டி

என் முட்டியில் கிழிந்தது ஒரே ஒரு ஜவ்வு. அதற்குப் பதிலாக என் உடம்பிலேயே எங்கிருந்து நார் எடுத்து வைப்பது என்று டாக்டரம்மா என்னையே கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவர் அவரா, நானா?

"பின்தொடையில எடுத்தா மண்டி போடுறதுக்குப் பெருசா தொந்தரவு இல்ல. ஆனா வேகம் கொஞ்சம் குறையலாம், மறுபடி கிழியவும் வாய்ப்பு இருக்கு. முட்டிச் சில்லுக்குக் கீழ எலும்போட எடுத்தா கெட்டியா நிக்கும், பழையபடி ஓடலாம். ஆனா தரையில மண்டி போட்டா வலிக்கும். சில பேருக்கு ஆயுசுக்கும்."

இறந்தவர்கள் தந்த நார் விளையாடுகிற வயதுக்குத் தாங்காதாம். முன்தொடையில் எடுப்பது தனக்குக் கை பழகவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

நான் கால்பந்தில் ஓரமாக ஓடுகிறவள். வேகம் போனால் அணியில் என்னைத் தண்ணீர் தூக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள். காலை வேளைகளில் அப்பாவோடு டைல்ஸ் பதிக்கிறவளும் நான்தான். மண்டி போடாமல் டைல்ஸ் பதிக்கும் வித்தையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வரிசை முடிந்ததும் அப்பா என் தோளைப் பிடித்துத்தான் எழுவார். முட்டி தேய்ந்து வருஷக்கணக்காகிறது, மனுஷர் ஒத்துக்கொண்டால்தானே! "உன் தோளு கைக்கு வாகா இருக்கு, அவ்வளவுதான்" என்பார்.

எங்கே எடுப்பது என்று டிக் போடச் சொல்லி டாக்டரம்மா தந்த படிவத்தோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதோ ஒன்று செத்தது. அப்பா கேட்டபோது, "டாக்டர் முடிவு பண்ணுவாங்கப்பா" என்று கூசாமல் புளுகினேன். அறுவை சிகிச்சைக்கு அழைத்துப்போக வந்த நர்ஸ் பேனாவை நீட்டினார். சில்லுக்குக் கீழ் என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

மறுநாள் அப்பா ஒரு பையோடு வந்தார். உள்ளே முட்டிக்குக் கட்டும் மெத்தை இரண்டு, அவரே தைத்தவை.

"ரெண்டு மடிப்பு ஸ்பாஞ்ச் வெச்சிருக்கேன். நீ வேலைக்கு வர ஒரு வருஷம் ஆனாலும் ஆகட்டும், அவசரமில்ல. பட்டை சரியா இருக்கா, நல்ல காலைக் காட்டு."

கட்டிலருகே மண்டி போட்டு என் நல்ல முட்டியில் பட்டையைச் சுற்றினார்.

"டாக்டர் இல்லப்பா. நான்தான் முடிவு பண்ணேன். ஓடுறதுக்கு. இனி என்னால மண்டி போட முடியாம போகலாம்."

பட்டையை இறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. ஏதாவது திட்ட மாட்டாரா என்று தவித்தேன். அவர் பட்டையைக் கழற்றி, இரண்டு மெத்தைகளையும் ஒழுங்காக மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு பழக்கத்தில் என் தோளுக்காகக் கையை உயர்த்தினார். நீட்டிக் கட்டிய காலோடு என்னால் குனிய முடியவில்லை. அந்தக் கை காற்றில் துழாவி, கட்டில் கம்பியைப் பிடித்தது.

"இதுவும் வாகாத்தான் இருக்கு" என்றார்.

மூன்றாவது முறைதான் அவரால் எழ முடிந்தது.