திறந்து கிடந்த கேட்

கேட்டை மூடியது நான்தான். சும்மா சாத்திவிட்டும் வரவில்லை. சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொக்கியில் மாட்டி, ஆட்டிப் பார்த்து, கையைத் தட்டிக்கொண்டு வேனுக்குத் திரும்பினேன். அடிலெய்டில் கடைகளுக்குத் தானாக மூடிக்கொள்ளும் கதவு மாட்டுவதே வாழ்நாள் முழுக்க என் பிழைப்பு. திறந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் கை அரிக்கும்.

"ரஸ், அத அப்படியே விட்டுடு," என்று என் மனைவி ரேலீன் சன்னல் வழியாகச் சொன்னாள்.

மாட்டுப் பண்ணைகளை ஊடுருவிப் போகும் மண் பாதையில் கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும். இது இங்கே குழந்தைக்கும் தெரியும். நானே கூடாரம் போட்ட இடங்களிலெல்லாம் நாலு பேரை உட்காரவைத்துப் போதித்திருக்கிறேன். ஆனால் இந்தக் கேட்டை எனக்கு முன்னால் போன சோம்பேறி எவனோதான் திறந்துபோட்டிருக்கிறான் என்று பார்த்த மாத்திரத்தில் தீர்மானித்துவிட்டேன். மாடெல்லாம் பாதைக்கு வந்துவிடும், பண்ணைக்காரர்களுக்கு நம்மால் ஆன உபகாரம் என்றேன். ரேலீன் பதில் சொல்லவில்லை. ஓய்வு பெற்றுக் கிளம்பிய இந்தப் பயணத்தில், அவள் வாயை மூடிக்கொண்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப் பழகியிருந்தேன்.

அப்புறம் சில நாள் வெந்நீர் ஊற்று ஒன்றின் பக்கத்தில் வேனை நிறுத்திவிட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி மிதந்துகொண்டிருந்தேன். அக்டோபர் மாதம்தான், ஆனால் வெயில் எங்கள் உச்சக் கோடையான ஜனவரி வெயில். நிழலில் கிடந்த செருப்பைக்கூடத் தொட முடியவில்லை. மிதந்த நேரத்தில் கேட்டை ஒரு தடவை நினைத்தேன். பெருமையாகத்தான் நினைத்தேன்.

அங்கிருந்து கிளம்பி, டீசலும் சாப்பாடும் ஒரே கூரையின் கீழ் விற்கும் கடையில் நிறுத்தினோம். கடைக்காரர் என் முன்னால் இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரத்தை வைத்துக்கொண்டே யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார்.

"மார்னி பண்ணையில எவனோ கேட்ட மூடிட்டுப் போயிருக்கான். தொட்டி இந்தப் பக்கம், மாடு அந்தப் பக்கம். தண்ணிக்கு வரட்டும்னுதான் மார்னி திறந்தே போட்டிருந்தா. இந்த வெயில்ல எத்தன நாள் தாங்கும்?"

இந்த இடத்தில் நான் எழுந்து நின்று, "அந்த எவனோ நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு நான் சொன்னது வேறு.

"என்ன ஜென்மங்களோ. சிட்டியிலேர்ந்து கிளம்பி வந்துடறாங்க, ஒண்ணும் தெரியறதில்ல."

கடைக்காரர் தலையை ஆட்டி, என் தட்டில் தக்காளி சாஸ் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். நல்லவனுக்கான மரியாதை. ரேலீன் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அவள் காபிக்குச் சர்க்கரை போடுவதில்லை.

வேனில் ஏறியதும் கோபமா என்று கேட்டேன். இல்லை என்றாள். எத்தனை மாடு செத்திருக்கும் என்று கேட்டேன். வெளியே பார்த்தாள். ஒன்றும் ஆகியிருக்காது, இல்லையா என்றேன். அவள் சன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

வடக்கே போயிருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வெள்ளை வேனில் வெள்ளைத் தலையோடு திரிகிற எங்களைப் போன்றவர்கள் இந்தப் பாலைவனத்தில் ஈ மாதிரி. எந்த ஈ என்று யார் கண்டுபிடிப்பது?

"திரும்பிப் போகலாமா?" என்றேன்.

"ஓட்டறது நீதானே," என்றாள்.

திருப்பினேன். எதிரே வருகிற வண்டிக்காரர்கள் வழக்கம்போல் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி வணக்கம் வைத்தார்கள். என் விரல் எழும்பவில்லை. மரியாதை கெட்ட ஆள் என்று நினைத்திருப்பார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள்.

கேட் இப்போது அகலத் திறந்து, கம்பியால் வேலியோடு கட்டப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் வேலியோரம் முழுக்கக் குளம்படிகள், போயும் வந்தும் தேய்ந்து மாவாகிப்போன மண். அதன்மேல் எதையோ இழுத்துப்போன அகலமான தடம். மேலே காக்கைகள். இறங்கிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ரேலீன் இறங்கினாள், பார்த்தாள், வந்து உட்கார்ந்து சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

மார்னி வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். முட்டி போட்டு, சின்னக் கன்று ஒன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் நான் ஒத்திகை பார்த்த பேச்சு நல்ல பேச்சு. அதில் மன்னிப்பு இருந்தது, விளக்கம் இருந்தது, கடைசியில் சின்னதாக ஒரு நகைச்சுவைகூட இருந்தது. வாயிலிருந்து வந்தது மூன்றே வார்த்தை.

"கேட்ட மூடினது நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். ரேலீனைப் பார்த்தாள். வேனைப் பார்த்தாள்.

"பரவாயில்ல," என்றாள்.

எங்கள் நாட்டில் வீடு பற்றி எரியும்போது தீயணைப்பு வண்டி தாமதமாக வந்தாலும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். நானும் வாழ்நாளெல்லாம் சொல்லி வந்த சொல்தான். என் காலில் கதவைப் போட்டவனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் என்னவெல்லாம் அடைத்துவைக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்தது.

எத்தனை என்று கேட்டேன். டீ போடட்டுமா என்றாள். எத்தனை என்றேன் மறுபடியும். மழை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். ரேலீன் கன்றின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவே இல்லை.

"மார்னி, எனக்கு சமாதானம் வேணாம்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "என்னால எத்தன போச்சு, அத மட்டும் சொல்லும்மா."

அவள் எழுந்தாள். புட்டியை என் கையில் திணித்தாள். கன்று ஒரு கணம் தவித்துவிட்டு, என் விரலோடு சேர்த்துக் கவ்விக்கொண்டது.

"ஆறு," என்றாள். "அஞ்சு கேட்டுக்குப் பக்கத்துலயே செத்துக் கிடந்துது, மூஞ்சி தொட்டியப் பாத்து. ஆறாவது இதோட அம்மா. புட்டிய இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, காத்து போவுது."