தலை நீங்கலாக வெளியாள்

என் அக்காவின் வயிற்று ஸ்கேன் படத்தை நான்கு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதி எடுத்து, பன்னிரண்டு பேரிடம் கொடுத்து வைத்திருந்தார்கள். எல்லோருடைய படத்தையும் அப்படித்தான் வைப்பார்கள். ஒருவர் செத்துப்போனாலும் படம் போகாது.

பகல் இரண்டு மணிக்கு ஆபரேஷன். அந்தப் பழைய படத்தைப் பார்க்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்போது மணி பதினொன்று.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டிலருகே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். படங்களின் சேமிப்பகம் சென்னையில் இருந்தது. 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று வந்தது. திரும்பத் திரும்பக் கேட்டேன். பத்தாவது முறை 'அதான் சொன்னோமே' என்று வந்தது.

"என்னல சொல்லுதான்?" என்றாள் அக்கா மங்கையர்க்கரசி. நான்கு மாதமாக வயிற்று வலியில் படுத்தே கிடக்கிறாள்.

"முடியாதுங்கான்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சேமிப்பகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"வெளிய இருந்து பாக்கணும்னா உங்களை வெளியாள்னு பதியணும் சார்."

"பதிஞ்சிருங்க."

"அதுக்கு நீங்க உள்ள வரணும். எட்டாயிரத்து இருபதாம் வாசல்."

நர்சிடம் வழி கேட்டேன். லிப்டில் மூன்றை இரண்டு தடவை அழுத்தினால் சென்னை என்றாள். அழுத்தினேன்.

கதவு திறந்ததும் ஒரு நீண்ட கூடம். இருபுறமும் எண் போட்ட வாசல்கள். எல்லாம் சாத்தியிருந்தன. நான் நடக்க நடக்கக் கூடம் நீண்டுகொண்டே போனது. நின்றால் அதுவும் நின்றது. மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. திரும்பிப் போவதுபோல் பாவனை செய்து பின்பக்கமாக நடந்தேன். கூடம் ஏமாந்தது. எட்டாயிரத்து இருபது என் முதுகில் இடித்தது.

உள்ளே போனில் பேசிய பெண் இருந்தாள். ஜெசிந்தா என்று மேசையில் எழுதியிருந்தது. எந்தத் துண்டு யாரிடம் இருக்கிறது என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளிடம் ஒரு துண்டும் கிடையாது.

"பேரு?"

"பூதலிங்கம்."

"எங்க இருந்து கேக்கறீங்க?"

"திருநெல்வேலியிலேர்ந்து."

"இங்கதானே நிக்கறீங்க. உள்ள நிக்கறவரை எப்படி சார் வெளியாள்னு எழுதறது?"

வாசலைத் தாண்டிப் போய் நின்று, தலையை மட்டும் உள்ளே நீட்டினேன்.

"தலை உள்ள இருக்கே."

"தலை இல்லாம எப்படிப் பேச?"

அது நியாயம் என்றாள். 'தலை நீங்கலாக வெளியாள்' என்று எழுதி முத்திரை குத்தினாள். லேப்டாப்பில் எழுதிக்கொள்ள ஒரு சீட்டும் தந்தாள். அதில் அவள் பெயரும் வாசல் எண்ணும் இருந்தன.

"படம் யாரோடது?"

"எங்க அக்காவோடது."

"அப்ப உங்களுக்குத் திறக்காது. சொந்தக்காரங்க கேக்கணும்."

"அவளால எந்திரிக்க முடியாதும்மா."

"நீங்களே அவங்கன்னு சொல்லுங்க. திறந்துடும்."

"பொய்லா அது?"

"நாங்க சரிபாக்கறது கிடையாது. சொன்னா நம்புவோம்."

"எவ்வளவு நேரத்துக்கு நம்புவீங்க?"

"நம்பிட்டா நம்பினதுதான்."

மணி ஒன்றேகால். அக்காவின் பெயரை நான் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நாக்கு கூசியது.

"நான் மங்கையர்க்கரசி" என்றேன்.

ஜெசிந்தா சட்டென்று எழுந்து நாற்காலியைத் தள்ளினாள். "உக்காருங்கம்மா. அந்த வயித்து வலியோட நிக்காதீங்க."

அப்போதுதான் வலித்தது. இடுப்புக்கு மேலே, வலது பக்கம். அக்கா கையை வைத்துக் காட்டும் அதே இடம்.

சுவரைப் பிடித்துக்கொண்டே லிப்டுக்கு வந்தேன். கட்டிலருகே வந்து சீட்டில் இருந்ததை எழுதியதும் நான்கு துண்டுகளும் வந்து ஒட்டிக்கொண்டன. டாக்டரம்மா குனிந்து பார்த்தார்.

"இது போதும். மங்கையர்க்கரசி, பயப்படாதீங்க."

என் தோளைத் தட்டித்தான் சொன்னார். நர்ஸ் என் மணிக்கட்டில் அக்காவின் பெயர்ப் பட்டையைக் கட்டினாள். அக்காவை எழுப்பிவிட்டு அந்தக் கட்டிலில் என்னைப் படுக்க வைத்தார்கள்.

"ஏல, என்ன செஞ்சிட்டு வந்த?"

"ஒன் பேரச் சொன்னேன்க்கா."

அக்கா நர்சின் கையைப் பிடித்தாள். "யம்மா, நான்தான் மங்கையர்க்கரசி. அவன் என் தம்பி. அவன விட்ருங்க."

நர்ஸ் பட்டியலைப் பார்த்தாள். "அவங்க ஏற்கனவே படுத்தாச்சு. கூட வந்தவங்க ஓரமா நில்லுங்க."

கட்டிலைத் தள்ளினார்கள். அக்கா கம்பியைப் பற்றிக்கொண்டு கூடவே வந்தாள். நர்சைத் திட்டினாள். என்னையும் திட்டினாள். கட்டில் வேகமெடுத்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

"ஓடாதக்கா."

"ஓடுவேன்ல. நீ வாய மூடிட்டுப் படு."

மூச்சே வாங்கவில்லை அவளுக்கு. தியேட்டர் கதவு சாத்தும்வரை அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.