தனி மங்கு

ஐயாவு வேலை முடிந்து வரும்போது பகல் இரண்டு மணி. அவனுக்கு முன்னால் அவன் வாடை வந்துவிடும் என்று அவன் மனைவி செல்லாயி நம்பினாள். சைக்கிள் ஈப்போவின் புந்தோங் சந்தில் திரும்பும்போதே அவள் முந்தானையால் மூக்கைப் பொத்துவாள். மீன் மார்க்கெட்டின் இறால் தோல், கோழிக் குடல், வெயிலில் புளித்த சோறு, டுரியான் தோலுக்குள் ஊறிக் கிடந்த மழைத்தண்ணீர். முனிசிபல் குப்பை லோரியில் போகிறவன் இத்தனையையும் கையால் அள்ள வேண்டும். வந்ததும் பின்வாசல் குழாயடியில் நின்று சட்டையையும் கால்சட்டையையும் கழற்றித் தரையில் போடுவான். அவள் ஒரு கம்பால் அவற்றைத் தூக்கி டெட்டால் கலந்த வாளியில் அமுக்குவாள். ஒருநாள் கால்சட்டை மடிப்பிலிருந்து அரிசி போல ஒரு புழு மிதந்து வந்தது. டெட்டாலில்கூட அது சாகாமல் நெளிந்தது. அன்று அவள் கையைக் கழுவினாள். பிறகு குழாயைக் கழுவினாள். குழாயைத் தொட்ட கையை மறுபடி கழுவினாள்.

அவனுடைய மங்குக் கோப்பையை எப்போது பின்வாசல் ஆணியில் மாட்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை. நீல விளிம்பு வைத்த எனாமல் மங்கு. மற்ற மங்குகள் அடுப்படிப் பலகையில் கவிழ்ந்திருந்தன. அது மட்டும் வெளியே தொங்கியது. அதில்தான் அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தாள். குளித்துவிட்டு வந்த ஐயாவு அதைக் குடித்து முடித்து, உள்ளே கொண்டுபோய் வைக்கப் போனான். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"அங்க இல்ல. ஆணியில மாட்டுங்க."

அவன் ஆணியைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான்.

"எனக்கு மட்டும் தனியாவா?"

ஐயாவு கோப்பையைச் சந்துக் கால்வாயில் வீசினான். அது சிமெண்டில் மோதிக் கருந்தண்ணீரில் விழுந்தது.

"எங்கப்பன் ஒங்கப்பன் வீட்டுக்குப் பின்னாடி நின்னு பால் டின்னுல தேத்தண்ணி குடிச்சான். அவனுக்கு வேற வழி இல்லலா. இன்னொரு மங்கு இந்த ஆணியில தொங்கிச்சுன்னா, நான் ஆயர் தாவார்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்."

அவன் சொன்னால் செய்கிறவன். பீடோர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவள் அப்பா மண்டோர், கூலிகளை வேலை வாங்குகிறவர். இவன் அப்பா கால்வாய் வெட்டுகிற கூலி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு லயத்து வீட்டு வரிசையும் பல தலைமுறைகளும் இருந்தன. அதையெல்லாம் தாண்டி, உடுத்திய சேலையோடு பஸ் ஏறி இவனுடன் ஈப்போவுக்கு வந்தவள் அவள். அப்போது இவன் பலகை ஆலையில் இருந்தான். மரத்தூள் வாசம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஆலை மூடி இவன் குப்பை லோரிக்குப் போன வருஷம்தான் கழுவுதல் தொடங்கியது. சாதியா என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். சீச்சீ, கிருமிதான் என்று பதிலும் சொல்லிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு நல்லம்மாளுக்கு இது நோயாகவே தெரியவில்லை. "ஐயரு வீட்டுப் பொம்பளகூட ஒங்கிட்ட பிச்ச வாங்கணும்டி செல்லாயி, என்னா சுத்தம்!" என்பாள். ஆஸ்பத்திரியில் அவளை மனநோய்ப் பகுதிக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸு எத்தன மணிக்குன்னு கேட்டு வைக்கவா?"

அனுப்பியது தோல் டாக்டர். அவள் விரல் இடுக்குகள் வெடித்து, மீன் செவுள் போலச் சிவந்திருந்தன. களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இது தோலில் இல்லை என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பகுதியின் நர்ஸ் எல்ஸி மிஸி லண்டனில் படித்துவிட்டு வந்தவள். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, தடித்த கண்ணாடி. மருந்து தரவில்லை. அவள் கேட்டதெல்லாம் அருவருப்புக்கு மார்க் போடச் சொல்லித்தான்.

"அவரு சட்டப் பொத்தானத் தொட்டா நூத்துக்கு எத்தன?"

"இருவது."

"பூட்ஸு?"

"நாப்பது."

"குப்ப வாளி?"

"எம்பது."

இது ஒரு ஏணி, கீழ்ப்படியிலிருந்து ஏறுவோம் என்றாள் மிஸி. செல்லாயிக்கு ஏணி தெரியும். வெட்டிப் போடப்போகிற கிழட்டு ரப்பர் மரங்களில் அடிப்பட்டை தீர்ந்ததும், ஏணி சாத்தி உயரத்தில் பால் வெட்டுவார்கள். மேலே போனால் கால் நடுங்கும். இறங்காமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் நடுக்கம் தானாக நிற்கும். மிஸி சொன்னதும் அதுதான். தொட வேண்டும், கழுவக் கூடாது. அருவருப்பு ஏறும், ஏறட்டும். அது தானாக இறங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும்.

"எம்பதுக்கு மேல என்னா இருக்கு?"

செல்லாயி சுவரைப் பார்த்தாள். வெளியே பெஞ்சில் ஐயாவு உட்கார்ந்திருந்தான். கதவு சாத்தியிருந்தது.

"அவரு கை," என்றாள். "அந்தக் கையால சோறு ஊட்டுனா. நூறு."

மிஸி முகம் மாறவில்லை. "அவர்கிட்ட சொல்லுவீங்களா?"

"வாளிதான் கடசின்னு சொல்றேன் மிஸி."

"பொய் சொல்லி ஏறுறது கஷ்டம்லா," என்றாள் மிஸி. ஆனால் வற்புறுத்தவில்லை.

வாரங்கள் போயின. பொத்தானைத் தொட்டுவிட்டுக் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியில் ஏதோ ஊர்ந்தது. வாயில் எச்சில் நிறைந்தது. அரை மணி நேரத்தில் வாந்தி வரும் என்று மிஸியிடம் சொல்லியிருந்தாள். வரவில்லை. வாந்தி வரும் என்பது எண்ணம், வந்தால்தான் வாந்தி என்றாள் மிஸி. பூட்ஸ் முடிந்தது. ரப்பர் கையுறையும் முடிந்தது. அதன் உள்பக்கம் ஈரமாக, வேறொருவர் வாயைப் போல இருந்தது. அவள் கையை விட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை.

நடுவில் ஐயாவு ஒரு காரியம் செய்தான். அவளுக்கு உதவுவதாக நினைத்து, லோரி டிப்போ குழாயிலேயே லைப்பாய் சோப்பு போட்டுக் குளித்துவிட்டு, புதுச்சட்டையில் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றான். வாசம் பிடித்த எல்ஸி மிஸி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சுத்தமா வந்தா அவுங்க எதத் தொட்டு ஏறுறது? இனிமே குளிக்காம வாங்க. அதான் மருந்து."

அன்று பஸ்ஸில் அவன் நெடுநேரம் தனக்குள் சிரித்துக்கொண்டு வந்தான். "தள்ளி நில்லு, குளிச்சிட்டு வான்னுதான் கேட்டிருக்கேன். அழுக்கோட உள்ள வான்னு மொத தடவ ஒரு ஆளு சொல்றாங்கலா." அந்தச் சிரிப்பைப் பார்க்க அவளால் முடியவில்லை. அவன் கழுத்து மடிப்பில் சோப்புக்கும் போகாத கறுப்பு அழுக்குக் கோடு இருந்தது. அதையும் பார்க்க முடியவில்லை.

குப்பை வாளியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்ததற்கு அடுத்த வாரம், மிஸி வேறு விதமாகக் கேட்டாள். ஒரே கேள்வி, மறுபடி மறுபடி.

"அவரு தொட்ட சோத்த சாப்ட்டா என்னா ஆவும்?"

"கிருமி உள்ள போவும்."

"போனா?"

"வயிறு கெடும்."

"இந்த மாசம் பூரா கை கழுவாமத்தான சாப்டீங்க. கெட்டுச்சா?"

"இல்ல."

"அப்ப கிருமி இல்ல. அதுக்கு அடியில என்னமோ இருக்கு. சாப்ட்டா என்னா ஆவும்?"

"நானும் அவுங்க ஆளா ஆயிருவேன்."

சொன்ன பிறகுதான் அது அம்மாவின் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது ஐயாவுவின் அப்பா பின்கட்டில் குடித்து வைத்துவிட்டுப் போன பால் டின்னின் அடியில் சீனி தங்கியிருந்தது. எடுத்து நக்கினாள். அம்மா பார்த்துவிட்டாள். தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு, நாக்கை இழுத்துப் பிடித்துத் தேய்த்தாள். சாம்பலோடு ரத்தம் வழிந்தது. துப்பு, துப்பு என்றாள். செல்லாயி துப்பினாள். இன்னும் துப்பிக்கொண்டிருக்கிறாள்.

மேசைமேல் இருந்த தன் கையை அவள் பார்த்தாள். வெடித்த தோல், வெளுத்த நகம். அம்மாவின் கை. ஏணியில் எந்தப் படியிலும் இல்லாத ஒரு குமட்டல் வயிற்றிலிருந்து எழுந்தது. இதற்கு மார்க் போட மிஸி கேட்கவில்லை.

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல மிஸி. இனிமே போயிருமா?"

"மனசுக்குத் தெரிஞ்சிருச்சு. தொண்டைக்கு இன்னும் தெரியாது," என்றாள் எல்ஸி மிஸி. "அதுக்குச் செஞ்சாத்தான் தெரியும்."

மறுநாள் செல்லாயி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். பலகையிலிருந்து ஒரே ஒரு தட்டை எடுத்தாள். ஐயாவு சைக்கிளைச் சாத்திவிட்டு குழாயடிக்குத் திரும்பினான். "குளிக்க வேணாம். கையும் கழுவ வேணாம். வந்து ஒக்காருங்க," என்றாள். அவன் உள்ளே வந்து அடுப்படியில் சம்மணம் போட்டான். வாடை அறையை நிறைத்தது. இறால், மூத்திரம், அழுகிய வாழைப்பழம். அவள் மூக்கால் இழுத்து உள்ளே விட்டாள். தாங்கினாள்.

"ஒனக்குத் தட்டு?"

"ஒன்னு போதும். நீங்க பெசஞ்சு எனக்கு ஊட்டுங்க. மிஸி சொன்னாங்க."

அவன் முகம் மலர்ந்தது. கல்யாணமான புதிதில் அப்படி ஊட்டியிருக்கிறான். நகக்கண்ணில் கறுப்பு ஏறிய விரல்களைச் சோற்றில் விட்டுப் பிசைந்தான். குழம்பு விரலிடுக்கில் பிதுங்கியது. ஒரு கவளம் உருட்டினான். அவள் கண்ணை மூடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். மிஸியின் விதி அது. வாயைத் திறந்தாள். தொண்டை தானாகச் சுருங்கி மேலேறியது. தோளும் கழுத்தும் விறைத்தன. கண்ணில் நீர் முட்டியது. ஆனால் வாயை மூடவில்லை.

கவளம் அவள் உதட்டுக்கு ஒரு விரல்கடைத் தூரத்தில் நின்றது.

ஐயாவு அவள் கழுத்து நரம்பைப் பார்த்தான். பிறகு மூலையில் இருந்த குப்பை வாளியைப் பார்த்தான். போன வாரம் அவள் அதைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தபோது, கடைசிப் படி ஏறிவிட்டாள் என்று சந்து முழுக்கச் சொல்லி வந்தவன் அவன். குழம்பு அவன் மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வழிந்தது. ஓர் ஈ கவளத்தில் உட்கார்ந்து எழுந்தது. அவள் வாய் திறந்தே இருந்தது.

"அப்ப வாளிக்கு மேல இருந்தது நானா செல்லாயி?"