காஜாவுக்குப் போன சட்டை

மனிதனை உயர்த்துவது திறமையன்று. தனக்குத் தானே ஆணையிட்டு, அதற்குத் தானே கீழ்ப்படியும் மன உறுதி. இந்தப் பேருண்மையைத் தையல்காரர் அட்டையில் எழுதிக் கடைச் சுவரில் மாட்டினார். எழுத்துக்கு ஒரு நிறம் வைத்து எழுதியதில் ஒரு நாள் ஓடிப்போயிற்று. அட்டை கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்ததில் இன்னொரு அரை நாள்.

அவருடைய அக்கா தன் கணவருக்குச் சட்டைத் துணி கொடுத்துவிட்டுப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. தையல்காரர் தினமும் காலையில் கைப்பேசியில் ஊக்கப் பேச்சு ஒன்றைக் கேட்பார். மெஷினுக்கு எண்ணெய் விடுவார். நாளை முதல் சூறாவளிதான் என்று முடிவெடுப்பார். அவ்வளவு பெரிய முடிவை எடுத்த களைப்பில் டீ குடிக்கப் போய்விடுவார்.

இன்று மத்தியானம் அக்கா வந்து நின்றாள்.

“சட்டை எங்கடா? நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு மாமாவுக்கு இன்டர்வியூ.”

“முடிஞ்சுதுக்கா. காஜாவுக்குப் போயிருக்கு. பட்டன் வெச்சா தீர்ந்தது.”

அந்த மாதம் அந்தக் கடையில் பிசிறில்லாமல் தைத்து முடிக்கப்பட்டது இந்த வாக்கியம் ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்துப் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அம்மா கதவுக்குள் தலையை நீட்டினார்.

“என்ன தம்பி, மூணு வாரமா உங்க கடையிலேர்ந்து ஒரு சட்டைகூட வரல? ஊர்ல எல்லாரும் பட்டன் போடறதையே விட்டுட்டாங்களா?”

கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். அக்காவின் பார்வை, அவள் துணி கொடுத்த பை ஆணியில் தொங்கிய பக்கம் போனது. அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

“எட்டு மாசமா வேலையில்லாம உக்காந்திருக்கார்டா. இருக்கிற ரெண்டு சட்டையும் காலர் நைஞ்சு போச்சு. ‘தைச்சிருப்பானா, தைச்சிருப்பானா’ன்னு காலையிலேர்ந்து நாலு தடவை கேட்டுட்டார்.”

திட்டியிருந்தால் தேவலாம். தையல்காரர் தரையில் கிடந்த நூல் துணுக்குகளைப் பெருக்கலாமா என்றுகூட யோசித்தார்.

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “இங்கதான் உக்காந்திருக்கப் போறேன். வெட்டு.”

அவர் முடிச்சை அவிழ்த்தார். துணியை விரித்து நீவிவிட்டார். குறி போடும் சாக்பீஸை எடுத்தார். அளவு நோட்டை முன்னிருந்து ஒரு தடவை புரட்டினார். பின்னிருந்து ஒரு தடவை.

“என்னடா தேடற?”

“மாமா இப்ப வீட்டுலதானே இருக்கார்?”

“ஆமா, ஏன்?”

“கொஞ்சம் வரச் சொல்றியா?”

மாமாவுக்கு அவர் இன்னும் அளவே எடுக்கவில்லை.