விலை ஏறும் என்று சொன்னவள்

விலை முன்கணிப்பு அலுவலகத்தில் அவளுக்கு மூலக்கூறம்மா என்று பெயர். வாயுக்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "ஒரு மூலக்கூறு எந்தப் பக்கம் ஓடும்னு யாராலயும் சொல்ல முடியாது. கோடிக்கணக்குல சேர்ந்துட்டா கச்சிதமா சொல்லிடலாம். சந்தையும் அப்படித்தான்" என்று கூட்டத்தில் பேசிவிட்டாள். இயக்குநர் மயங்கிப்போனார். மற்றவர்கள் பெயர் வைத்தார்கள்.

முதல் கணிப்பு உருளைக்கிழங்கு. விளைச்சல், கிடங்கு இருப்பு, மழை எல்லாவற்றையும் போட்டுக் கசக்கிப் பிழிந்து, இரண்டு மாதம் கழித்து விலை லேசாக ஏறும் என்று எழுதிக் கொடுத்தாள். 'லேசாக' என்ற சொல்லின் கீழே கோடு வேறு. இயக்குநர் அதைப் பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்தார். கோடும் போயிற்று, லேசாகவும் போயிற்று. மறுநாள் முதல் பக்கத்தில் 'உருளை விலை ஏறும்!' என்று வந்தது.

அன்று சாயங்காலம் கடைத்தெருவில் மருந்துக்குக்கூட ஒரு கிழங்கு இல்லை. அவள் வீட்டில் இருந்தது. கட்டிலுக்கடியில், செருப்பு வைக்கும் இடத்தில், குளியலறைக் கதவை முழுசாகத் திறக்க முடியாதபடி, மூட்டை மூட்டையாக.

"அம்மா, என்ன இது?"

"நீதானேடி விலை ஏறும்னு சொன்னே?"

"ரெண்டு மாசம் கழிச்சும்மா! அதுவும் கொஞ்சூண்டு!"

"அப்புறம் ஏறும்னா இப்பவே வாங்கிப் போட வேண்டாமா? பக்கத்து வீட்டுக்காரி அள்ளிட்டு வந்துட்டா. பெத்த பொண்ணு சொல்றதை நானே நம்பலேன்னா நல்லாவா இருக்கும்?"

மூட்டைகளுக்கு நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே வந்தான் அவள் கணவன். அவனுக்கு வானிலை நிலையத்தில் வேலை. "நானுந்தான் தினம் மழை வரும்னு சொல்றேன். இவ்வளவு ரகளை ஆகுறதில்லையே" என்றான்.

"உங்க மேகம் பேப்பர் படிக்காதுங்க!" என்று வெடித்தாள் அவள். "நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் அது பாட்டுக்குப் பெய்யும். என் மூலக்கூறுங்க காலங்காத்தால பேப்பரும் கையுமா உக்காந்துருதுங்களே, நான் என்ன பண்ண?"

மறுநாள் இயக்குநர் வாயெல்லாம் பல்லாக இருந்தார். "உங்க கணக்கு பலிச்சிடுச்சும்மா! ரெண்டு மாசம்னீங்க, ஒரே நாள்ல ஏறிடுச்சு!"

"பலிக்கல சார். நாமதான் ஏத்தி விட்டோம்."

"சரி, அப்போ இறங்கும்னு ஒண்ணு எழுதுங்க."

"கணக்கு அப்படி வரலையே சார்."

"வரவழைங்க."

அவள் மாட்டேன் என்றாள். அவரே பத்திரிகைகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பதுக்கியவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் சந்தையில் கொண்டுவந்து கொட்டினார்கள். விலை தரைமட்டமாயிற்று. தோண்டும் கூலிகூடக் கட்டாது என்று பயிரிட்டவர்கள் கிழங்கை மண்ணுக்குள்ளேயே விட்டார்கள். அவர்களில் ஒருவர் அலுவலக எண்ணுக்குப் போன் போட்டு அவளைத் திட்டித் தீர்த்தார். அவள் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு பத்திரிகையையும் கணக்குக்குள் கொண்டுவரப் பார்த்தாள். நான் இப்படிச் சொன்னால் அவர்கள் அப்படிச் செய்வார்கள். அது தெரிந்து நான் மாற்றிச் சொன்னால், அதையும் மோப்பம் பிடித்து அவர்கள் மாற்றிச் செய்வார்கள். கணக்கு செக்குமாடு மாதிரி சுற்றியதே தவிர விடைக்கு வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு மொத்த வியாபாரி கூப்பிட்டார்.

"விலை என்ன ஆகும்னு கேக்கலம்மா. அது யாருக்கு வேணும்? அடுத்த கணிப்பை என்னிக்கு வெளியிடுவீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

போதுமடா சாமி என்றாகிவிட்டது. இந்த மாதம் கணிப்பே கிடையாது என்று இயக்குநரிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் பத்திரிகையில், 'உருளை விலை: வாய் திறக்க மறுக்கிறது அலுவலகம்.' மத்தியானத்துக்குள் கடைகள் மறுபடியும் காலி.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து படுத்தாள். கண் சொக்கும் நேரத்தில் போன் அடித்தது. அதே வியாபாரி.

"லீவு போட்டுட்டீங்களாமே? அப்போ இறங்கப் போகுது, அப்படித்தானே?"

போனை அணைத்துத் தலையணைக்கடியில் திணித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரம்தான். அணைந்து கிடக்கிற போனுக்கும் யாராவது ஓர் அர்த்தம் கண்டுபிடிப்பான் என்று உறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்து, மறுபடியும் போனை ஆன் பண்ணி வைத்தாள்.