பழகிப்போன மூக்கு

தெசாங்கா வீட்டுத் தரையில் ரொட்டித் துண்டு விழுந்தால் யோசிக்காமல் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். அவ்வளவு சுத்தம். நிஷ் நகரத்தில் அந்த நான்கு மாடிக் கட்டடம் முழுக்கத் தேடினாலும் அவளை மாதிரித் தேய்த்துக் கழுவுகிறவள் ஒருத்தி கிடைக்க மாட்டாள். அப்பேர்ப்பட்ட வீடுதான் நாறியது. கதவைத் திறந்ததும் கண்ணில் போய்க் குத்துகிற நாற்றம். பூனை மூத்திர நாற்றம்.

எதிர் வீட்டு நெவெங்காவுக்கு இது ஒன்றரை வருஷமாகத் தெரியும். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் தெசாங்காவின் சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவள் அவள். வாயால் மூச்சு விடப் பழகிக்கொண்டாள். காப்பியின் ருசியே மறந்துபோயிற்று. ஆனாலும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் ஒருத்தியிடம் உன் புருஷன் குடிகாரன் என்று சொல்லலாம், உன் பிள்ளை உதவாக்கரை என்று சொல்லலாம். நாலு நாள் முறைத்துவிட்டு ஐந்தாம் நாள் வந்து நிற்பாள். உன் வீடு நாறுகிறது என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் சவ ஊர்வலத்துக்குக்கூட வர மாட்டாள்.

பூனையின் பெயர் மிர்க்கோ. தெசாங்காவின் கணவன் போரா, எங்கிருந்தோ சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. குளியலறையில் இருந்த அதன் மணல் தட்டைக் காலையும் மாலையும் போராதான் சல்லடைக் கரண்டியால் அள்ளிச் சுத்தம் செய்வான். யாரும் அதைக் கவனித்ததில்லை, தெசாங்கா உட்பட. சென்ற வருஷம் வசந்தத்தில் போரா மாரடைப்பில் போனான். அதற்குப் பிறகு தட்டு தெசாங்காவின் பொறுப்பு ஆயிற்று. மூன்று நாளுக்கு ஒரு தடவை மொத்தமாகக் கொட்டுவாள், பிறகு குளியலறை முழுக்க ப்ளீச் ஊற்றித் தேய்ப்பாள். ப்ளீச் வாசனை வந்தால் மிர்க்கோவுக்குக் குஷி. தட்டுக்கு வெளியே, கழுவின இடத்திலேயே போய் உட்காரும். அவள் மறுபடி ப்ளீச் ஊற்றுவாள். அது மறுபடி உட்காரும்.

ஜன்னலையாவது திறந்து வைத்தாளா என்றால் அதுவும் இல்லை. குறுக்குக் காற்று என்றால் எங்களுக்குக் கொலைகாரன் மாதிரி. கழுத்துப் பிடிப்பு, காது வலி, சிறுநீரகக் கோளாறு எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். அதிலும் தெசாங்கா, பேருந்தில் எவனாவது ஜன்னலைத் திறந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுகிற ரகம்.

நெவெங்கா சும்மா இருந்துவிடவில்லை. ஜாடையாக முயன்றாள். லாவண்டர் பை ஒன்று வாங்கிக் கொடுத்தாள். அது துணி அலமாரிக்குள் போயிற்று. "கடையில ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்" என்று பொய் சொல்லிப் புது மணல் தட்டே வாங்கிக் கொடுத்தாள். "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு! இதைப் போய்ப் பூனைக்கு வீணாக்குவாங்களா?" என்று தெசாங்கா அதை உறை பிரிக்காமல் பீரோவுக்கு மேலே ஏற்றிவிட்டாள். நெவெங்கா வேலை பார்க்கும் பல் மருத்துவமனைக்கு அடுத்த கதவு மிருக வைத்தியர். அவரிடம் போய், ப்ளீச் ஊற்றக் கூடாது, தட்டை மாற்ற வேண்டும், தினமும் அள்ள வேண்டும் என்று விவரமெல்லாம் கேட்டு, நோயாளிச் சீட்டு ஒன்றின் பின்பக்கம் எழுதியும் வாங்கினாள். அந்தச் சீட்டு ஆறு மாதமாக அவள் கைப்பைக்குள் கிடந்தது.

"உனக்கெதுக்கு வம்பு?" என்றான் அவள் கணவன் ஸ்ரேதென். "அவ பூனை, அவ வீடு, அவ மூக்கு. நீ பாட்டுக்குக் காப்பியைக் குடிச்சோமா வந்தோமான்னு இரு."

அப்படியே இருந்திருப்பாள். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, தெசாங்கா காப்பியை ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"இந்த வருஷம் நான் ஸ்லாவா வைக்கப் போறதில்லை. புனிதர் படத்தை போராவோட தம்பி வந்து எடுத்துட்டுப் போறான். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்."

நெவெங்கா கோப்பையைக் கீழே வைத்தாள். உற்றார் உறவெல்லாம் வந்து சாப்பிடுகிற ஸ்லாவாவை, வீட்டுப் புனிதரின் நாளை விடுவதாவது! வீட்டுக் கதவை ஆணி அடித்து மூடுவதும் அதுவும் ஒன்றுதான். "என்னடி பேசறே நீ?"

"யாருக்குச் சமைக்கச் சொல்றே? போன வருஷம் பாத்தே இல்ல? பதினாலு பேர் வந்தாங்க. ஒருத்தராவது கோட்டைக் கழட்டினாங்களா? எங்க கல்யாணத்துக்குச் சாட்சி நின்ன திஹோமிரே பத்து நிமிஷத்துல எழுந்துட்டான். போரா இருந்தப்ப அவனைத் தள்ளித்தான் அனுப்பணும். அப்பதான்டி எனக்குப் புரிஞ்சது. அவங்க எல்லாம் போராவுக்காக வந்தவங்க. என்னை யாருக்கும் பிடிச்சதே இல்லை."

"சீ, அப்படியெல்லாம் இல்ல" என்று நெவெங்கா அவள் கையைப் பிடித்தாள். இந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ தடவை இதே வார்த்தையைச் சொல்லி இதே கையைப் பிடித்திருக்கிறாள். இந்தத் தடவை அது அவள் காதுக்கே பொய்யாகக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை படம் போய்விட்டால் போனதுதான். அப்புறம் இவள் கதவை யார் தட்டப் போகிறார்கள்?

"தெசாங்கா, உன் வீடு நாறுதுடி."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நிறுத்தவும் தெரியவில்லை. "பூனை மூத்திரம். கண்ணு எரியுது. அதனாலதான் ஜனங்க ஓடுறாங்க. உன்னைப் பிடிக்காம இல்ல."

தெசாங்காவின் முகம் வெளுத்தது. சுற்றிலும் பார்த்தாள், பளபளவென்று இருந்த அடுப்பை, கஞ்சி போட்ட மேசை விரிப்பை, தரையை. மூக்கை உறிஞ்சினாள். மறுபடி உறிஞ்சினாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"என் வீடா?" என்றாள். "என் வீட்டையா சொல்றே?" எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். "போ."

நெவெங்கா கைப்பையைத் துழாவி வைத்தியர் எழுதிய சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்திய சத்தம் நான்கு மாடிக்கும் கேட்டது.

பத்துப் பன்னிரண்டு நாள் பேச்சில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தெசாங்கா சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறினாள். காலைக் காப்பியை நெவெங்கா தன் வீட்டில் நின்றபடியே குடித்தாள். நல்ல காப்பிதான். பாதியைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கிளம்பினாள்.

ஆனால் காதும் கண்ணும் சும்மா இருக்குமா? எதிர்க் கதவுக்கு அந்தப் பக்கம் எதையோ சுரண்டும் சத்தம் கேட்டது. நடைக் கம்பளம் முற்றத்துக் கம்பியில் நனைந்து தொங்கியது. குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் மிர்க்கோவின் பழைய தட்டு கிடந்தது; ஆறு வருஷம் நகம் கீறிக் கீறி, கீறலெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போராவின் தம்பி வந்தான். நெவெங்கா கதவுத் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். வந்தவன் வெறுங்கையோடு, தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனான். மறுநாள் வேலைக்குப் போகும்போது கீழேயிருந்து நிமிர்ந்து பார்த்தாள். பனி விழுகிற டிசம்பரில், மூன்றாம் மாடியில், தெசாங்காவின் ஜன்னல் இரண்டும் அகலத் திறந்திருந்தன. நெவெங்காவுக்குத் தெருவிலேயே அழுகை வந்துவிட்டது.

பத்தொன்பதாம் தேதி, நிக்கோலா புனிதர் நாள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் இல்லை. அந்த ஒரு தைரியத்தில் நெவெங்கா காப்பிப் பொட்டலமும் ஒரு புட்டியுமாக ஸ்ரேதெனை இழுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள்.

தெசாங்கா கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவனிடம் சொல்வதுபோல. "உக்காருங்க." ஸ்லாவாவுக்கு வந்தவர்கள் முதலில் ஒரு வாய் எடுக்கிற, அவித்த இனிப்புக் கோதுமையை நீட்டினாள். நெவெங்கா ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் கோட்டோடு, நாற்காலி நுனியில். திஹோமிர் கதவுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டான். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

"என்ன தெசாங்கா, எங்களைக் கொன்னுடலாம்னு பாக்கறியா?" என்று திஹோமிர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "ஜன்னலைச் சாத்தும்மா. என் கழுத்து ஏற்கெனவே போச்சு."

தெசாங்கா தயங்கினாள். அவள் கண் ஒரு நொடி நெவெங்காவிடம் போய்த் திரும்பியது. பிறகு போய்ச் சாத்தினாள்.

கால் மணி நேரம் போயிற்று. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக நெவெங்கா அந்த வீட்டில் மூக்கால் மூச்சை இழுத்தாள். அடுப்பில் வெந்த பயறு, மீன், மெழுகுவர்த்தி, சாம்பிராணி. வேறெதுவும் இல்லை. மிர்க்கோ மேசைக்கடியில் மீன் முள்ளுக்காகக் கத்திக்கொண்டிருந்தது.

திஹோமிர் இரண்டாவது கிண்ணம் பிளம் சாராயத்தைக் குடித்துவிட்டு, போரா ஒருதரம் ஆற்றில் விழுந்த கதையை ஆரம்பித்தான். பாதியில் எழுந்து கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினான். அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லை. தெசாங்கா ரொட்டித் தட்டைப் பிடித்தபடி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாலை ஆறு மணிக்குத்தான் கடைசி ஆள் எழுந்தான். ஸ்ரேதெனும் வீட்டுக்குப் போய்விட்டான். நெவெங்கா கேட்காமலே சட்டைக் கையை மடித்துப் பாத்திரம் கழுவ நின்றாள். தெசாங்கா பக்கத்தில் நின்று துடைத்தாள்.

"எப்பத்திலேருந்து தெரியும் உனக்கு?"

பொய் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "போன ஸ்லாவாவுக்கு முன்னாடியே."

"ம்." தட்டை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "நாறுதுன்னு சொன்னே பாரு, அது ரெண்டு நாள் வலிச்சது. போயிடுச்சு. ஆனா ஒரு வருஷம்டி. ஒரு வருஷமா நான் யாருக்கும் வேண்டாதவள்னு நெனச்சு அழுதேன். நீ அந்த நாற்காலில உக்காந்து என் கையைப் பிடிச்சுட்டு, காரணம் தெரிஞ்சே, 'அப்படியெல்லாம் இல்ல'ன்னே."

நெவெங்காவுக்கு வெட்கம் காதுவரை சுட்டது. குழாயை மூடினாள். "உன்னை இழந்துடுவேனோன்னு பயந்தேன்" என்றாள். அது உண்மைதான். ஆனால் பயந்தது தனக்காகத்தான், அழுததோ தெசாங்கா.

தெசாங்கா துண்டை உதறி மடித்தாள். "சரி. இனிமே எதையும் மறைக்கக் கூடாது. நானும் ஒண்ணு சொல்லிடறேன். உன் வீடும் நாறுது."

"என்னது?"

"ஸ்ரேதெனோட சிகரெட். திரைச்சீலை, சோபா, உன் கோட்டு, எல்லாம். பத்து வருஷமா."

"அவர் பால்கனியிலதான் பிடிக்கிறாரு! கதவைச் சாத்திட்டுத்தான் பிடிக்கிறாரு!" நெவெங்காவின் குரல் உயர்ந்தது. "நான் வாராவாரம் துவைக்கிறேன்!"

"நானும்தான் தினம் கழுவினேன்" என்றாள் தெசாங்கா.

நெவெங்கா விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தாள். நடையில் நின்று மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. கூடத்துக்குப் போய் இழுத்தாள். திரைச்சீலையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்துக்கொண்டு நெஞ்சு நிறைய இழுத்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. அநியாயம், அவள் வேண்டுமென்றே பழி வாங்குகிறாள் என்று மனம் கொதித்தது.

முகத்தை அந்தத் துணியிலேயே வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். தெசாங்காவும் அன்றைக்குக் கதவைச் சாத்திவிட்டு இப்படித்தான் நின்றிருப்பாள். அவளுக்கும் ஒன்றுமே தெரிந்திருக்காது. தெரியாமலே, வெறும் சொல்லை நம்பி, கம்பளத்தை உருட்டி மூன்று மாடி இறக்கியிருக்கிறாள். வாழ்நாளெல்லாம் பயந்த ஜன்னலைத் திறந்திருக்கிறாள்.

"என்னடி, திரைச்சீலையைப் போய்க் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கிறே?" என்றான் சோபாவிலிருந்து ஸ்ரேதென்.

"எழுந்திரு" என்றாள் நெவெங்கா. "ஸ்டூலைப் போடு. இதையெல்லாம் கழட்டணும்."